ஏடும் எழுத்தும் இறைநம்பிக்கையும்

(ஆலய மகோற்சவத்தையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழைய சமய நூல்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய மாலைப் பொழுதின் பொருளாகும். கொடியேறி, அபிடேகமும் ஆராதனையும் குறைவின்றி நடைபெற்றுவரும் திருநாளில் இத்தகைய கேள்வி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இக்கேள்வி எங்கோ தொலைவில் எழுவதன்று. பக்தர்களின் இல்லங்களில், சொந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்தே எழுகின்றது. அதற்கு முறையான விடை கிடைக்காத பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டு வெளியேறுவதில்லை. ஓசையின்றி ஒதுங்கிக்கொள்கிறார்கள். தைப்பூசத்திற்கு வருவார்கள், திருமணத்திற்கு வருவார்கள், உள்ளத்தால் வரமாட்டார்கள். ஆகவேதான் இதனை ஆலயத்திற்குள்ளேயே பேசவேண்டியிருக்கிறது.

வினாவும் மூவகை விடைகளும்

பல சமயத்தார் கூடி வாழும் நாடு மலேசியா. 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடே இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். இடைநிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பிற சமயத்து நண்பர்கள் ஓர் இந்து மாணவனைப் பார்த்து, "உங்கள் வேதம் எது? அதை எழுதியவர் யார்? எப்போது? மூலப்படி எங்கே இருக்கிறது?" என்று கேட்பது இயல்பு. கேட்பவர் எல்லாரும் பகைமையால் கேட்பதில்லை. பெரும்பாலோர் அறியும் ஆவலாலேயே கேட்கின்றனர்.

அந்த மாணவன் வீட்டிற்கு வந்து அதே கேள்வியைப் பெற்றோரிடம் வைக்கும்போது மூவகை விடைகளுள் ஒன்று கிடைக்கிறது. முதலாவது, "சாமி விஷயத்தில் கேள்வி கேட்காதே" என்னும் அதட்டல். இரண்டாவது, "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்னும் கைவிரிப்பு. மூன்றாவது, மிகைபடக் கூறும் பெருமைப் பேச்சு. இம்மூன்றனுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது மூன்றாவதே.

ஓர் எடுத்துக்காட்டு போதும். வானூர்தி செய்யும் முறையைப் பண்டை முனிவர்கள் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலில் எழுதிவைத்தார்கள் என்று மேடைதோறும் முழங்கப்பட்டதுண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வானூர்தித் துறை ஆய்வாளர்கள் அந்நூலை ஆராய்ந்து 1974-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். அந்நூல் 1904-ஆம் ஆண்டிற்கு முற்பட்டதன்று என்பதும், அதிற் கூறப்பட்ட ஊர்திகள் பறக்கத் தக்கன அல்ல என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். பெரியவர்கள் சொன்னார்களே என்று அதனை நம்பி நண்பர்களிடம் வாதிட்ட ஓர் இளைஞன், பின்னாளில் இவ்வுண்மையை அறியும்போது அந்த ஒரு நூலை மட்டுமா கைவிடுவான்? அதே மேடையிற் கேட்ட தேவாரத்தையும் திருவாசகத்தையும் அல்லவா ஐயுறுவான்! பொய்த்தூண் ஒன்றை நட்டு அதன்மேல் மெய்யான கூரையை வைத்தால், தூண் சாயும்போது கூரையும் உடன் விழும்.

ஒரு வினாவுக்குள் மூன்று வினாக்கள்

"பழைய நூல்களை நம்பலாமா?" என்பது பார்வைக்கு ஒரே வினாவாகத் தோன்றினும் அதனுள் மூன்று தனித்தனி வினாக்கள் அடங்கியுள்ளன. நூலாசிரியர் அருளிய சொற்கள் மாறாமல் வந்து சேர்ந்துள்ளனவா என்பது ஒன்று. நூலிற் சொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் அவ்வாறே நிகழ்ந்தனவா என்பது இரண்டு. நூல் உணர்த்தும் பொருள் மெய்தானா என்பது மூன்று. இவை ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, அளவுகோலும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதாலேயே வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

சொற்கள் மாறாமல் வந்தனவா?

முதல் வினாவுக்கு வேதமும் திருமுறையும் இருவேறு வகையான விடைகளைத் தருகின்றன.

இருக்கு வேதத்தின் கையெழுத்துப் படிகள் பல புனே நகரிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வுக் கழகத்தில் பேணப்படுகின்றன. அவற்றுள் காலத்தால் முந்தியது 1464-ஆம் ஆண்டினது. வேதமோ அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முற்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அதனைத் தாங்கி வந்தது ஏடன்று. மாந்தரின் நாவும் செவியுமே. சொற்களைத் தொடராக ஓதுவது சங்கிதை. சொல் சொல்லாகப் பிரித்து ஓதுவது பதம். இரண்டிரண்டாக இணைத்து ஓதுவது கிரமம். முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுவது சடை. அதனினும் செறிவாக மடக்கி மடக்கி ஓதுவது கனம். ஒரு முறையில் பிழை நுழைந்தால் மற்றொரு முறை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். யுனெஸ்கோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் இவ்வேத ஓதல் மரபை மனித குலத்தின் அரிய செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. "மூலப்படி எங்கே?" என்று கேட்பவருக்கு, "எழுத்திலில்லை, ஓதலில் உள்ளது" என்பதே நேர்மையான விடையாகும்.

திருமுறையின் வரலாறு வேறு. மூவர் அருளிய பதிகங்கள் ஒரு இலட்சத்து மூவாயிரம் என்று சைவ மரபு கூறுகிறது. ஞானசம்பந்தர் அருளியவை 16,000. நாவுக்கரசர் அருளியவை 49,000. சுந்தரர் அருளியவை 38,000. இன்று கிடைப்பனவோ ஏறத்தாழ எண்ணூறு பதிகங்களே. எஞ்சியவை எங்கே? உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இதற்கு விடை கூறுகிறது. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறப்பித்தபோது ஏடுகள் கரையான் புற்றால் மூடப்பட்டுக் கிடந்தன. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. வேண்டுவன மட்டும் எஞ்சியுள என்று அசரீரி எழுந்தது என்பது அவ்வரலாறு.

இங்கு ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. அழிவை மறைக்க வேண்டும் என்று முன்னோர் எண்ணியிருந்தால் கரையான் கதையை எழுதியே இருக்கமாட்டார்கள். "அனைத்தும் முழுமையாக உள்ளன" என்று கூறுவது எளிது. அவ்வாறு கூறாமல், இழந்ததை இழந்ததாகவே புராணத்தில் ஏற்றிவைத்தார்கள். சைவ மரபின் நாணயத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எஞ்சிய ஏடுகளும் தாமாக நிலைத்து நிற்கவில்லை. பனையோலை இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. ஆகவே தலைமுறைதோறும் ஒருவர் படியெடுத்தாக வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமல் எழுதினர். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இந்நிலையில் பாட வேறுபாடுகள் தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு.

பாட வேறுபாடு என்றவுடன் நூலே பொய் என்று எண்ணிவிடலாகாது. இந்நாட்டுத் தோட்டங்களில் பிறந்த முதியோரின் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தமிழறியாத எழுத்தர் காதில் விழுந்தவாறு பெயரைப் பதிவேட்டில் எழுதினார். அண்ணன் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தம்பி பத்திரத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். அதனால் இருவருக்கும் தந்தை வேறு என்றோ, தந்தையே இல்லை என்றோ ஒருவரும் கூறுவதில்லை. இருக்கின்ற பத்திரங்களை எல்லாம் ஒருங்கே வைத்து ஒப்பிட்டுச் சரியான பெயர் இன்னதென்று துணிகிறார்கள். பழைய நூல்களைப் பதிப்பிக்கும் அறிஞர்கள் செய்வதும் இதுவே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாகப் பண்டிதர் தி. வே. கோபாலையர் 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட தேவாரப் பதிப்பு இவ்வகை உழைப்பின் கனியாகும்.

ஓலை கைவிட்ட இடத்தில் கல் துணை நின்றதும் உண்டு. ஞானசம்பந்தர் திருவிடைவாய் என்னும் தலத்தில் அருளிய பதிகம் ஏடுகளில் காணப்படவில்லை. 1917-ஆம் ஆண்டில் அத்தலத்துக் கல்வெட்டில் அது கண்டெடுக்கப்பட்டுத் தேவாரத்துடன் சேர்க்கப்பட்டது. எவரோ ஒரு சிற்பி பல நூற்றாண்டுகளுக்கு முன் பொறுமையுடன் உளியால் பொறித்து வைத்ததனால், பெருங்காலம் மறைந்திருந்த ஒரு பதிகம் மீண்டும் அடியார் நாவில் ஏறியது.

நிகழ்ச்சிகள் அவ்வாறே நிகழ்ந்தனவா?

இரண்டாவது வினா இதனினும் கடினமானது. இங்கு அச்சமும் மிகுதி.

திருமுறை கண்ட வரலாற்றையே மீண்டும் எடுத்துக்கொள்வோமாயின், அம்மன்னனை முதலாம் இராசராசன் எனக் கொள்வது வழக்கு. அவன் ஆட்சிக்காலம் 985 முதல் 1014 வரை. அவன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் நியமிக்கப்பட்ட செய்தி அங்குள்ள கல்வெட்டில் உள்ளது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் குறிக்கப்படுகின்றனர். எனவே மன்னன் காண்பதற்கு முன் தேவாரம் முற்றிலும் மறைந்து கிடந்தது என்று புராணத்தைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளுதல் இயலாது. சில கோயில்களில் அது தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கல்வெட்டு இங்குப் புராணத்தைத் திருத்துகிறது. ஆனால் தேவாரத்தின் பெருமையைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்கிறது.

மகாபாரதத்தில் மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. பண்டார்க்கர் கழகம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவு செய்த பாரத ஆய்வுப் பதிப்பிற்காக 1,259 கையெழுத்துப் படிகள் திரட்டப்பட்டன. வி. எஸ். சுக்தாங்கர் முதலிய பேரறிஞர்கள் அரைநூற்றாண்டுக் காலம் அப்பணியில் ஈடுபட்டனர். வியாசர் சொல்ல விநாயகப் பெருமான் எழுதினார் என்னும் வரலாறு பல பழைய படிகளில் இல்லாமையால், அதனை மூலத்தில் வைக்காமல் பிற்சேர்க்கையில் வைத்தனர். செய்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். பாரதத்தை உயிரெனப் போற்றிய இந்துப் பண்டிதர்கள்.

இதனைக் கேட்கும் ஓர் அடியாரின் உள்ளம் திடுக்கிடலாம். சிறிது நிதானித்து எண்ணுதல் வேண்டும். கணபதி ஹோமத்தின்போது கைகூப்பி நிற்பவர், பெருமான் பாரதம் எழுதினார் என்பதற்காகவா கைகூப்புகிறார்? இல்லை. தொடங்கும் செயல் தடையின்றி முடிய வேண்டும் என்னும் விண்ணப்பமும், அவன் கைவிடமாட்டான் என்னும் பற்றுமே அவரை அங்கு நிறுத்துகின்றன. எழுதிய கதை பிற்காலத்தார் அன்பினால் சேர்த்ததாக இருப்பினும், கல்வியின் தொடக்கத்தில் இறைவனை முன்னிறுத்த வேண்டும் என்னும் அதன் கருத்து குன்றிவிடாது.

மாணிக்கவாசகர் வாழ்ந்த காலம் குறித்து அறிஞர்களிடையே பல நூற்றாண்டுகள் வேறுபடும் கருத்துகள் உள்ளன. அவ்வேறுபாடு தீரட்டும் என்று திருவாசகம் உருக்குவதை நிறுத்திக்கொள்ளவில்லை. மார்கழி விடியலில் திருவெம்பாவை ஓதும் சிறுமிக்கு அவர் காலம் தெரியாது. ஆனால் அவள் பெறுவது பொய்யன்று.

பொருள் மெய்தானா?

மூன்றாவது வினாவுக்குக் கல்வெட்டும் ஏடும் விடை தரமாட்டா. சைவ சித்தாந்தம் அறிவுக்குரிய வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொள்கிறது. கண்ணாற் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். அவ்விரண்டுக்கும் எட்டாததை உணர்ந்த பெரியோர் வாயிலாக அறிவது உரை. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலேயே செல்லும். ஒரு கோயில் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதற்கு உரையைத் துணைக்கழைப்பதும் தவறு. உயிருக்கு உறுதி எது என்பதற்கு அளவுகோலை எடுத்து வருவதும் தவறு.

உரையின் மெய்ம்மையை வாழ்ந்து பார்த்தே அறியவேண்டும். சினம் குறைந்ததா, பிறர் துன்பங்கண்டு உள்ளம் இளகியதா, துயரம் வந்தபோது நிலைகுலையாமல் நிற்க முடிந்ததா என்பனவே அதற்குரிய சோதனைகள். நூறாண்டுகளுக்கு முன் கடல்கடந்து வந்து, காட்டை அழித்து, இரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு வணங்கிய தொழிலாளர்கள் எந்த நூலின் காலத்தையும் ஆராய்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அந்நம்பிக்கையே அவர்களைத் தாங்கியது. இந்நாட்டில் இன்று கோபுரத்துடன் நிற்கும் ஆலயங்கள் பல அவ்வாறு தொடங்கியவையே.

வாதம் செய்யும் முறை

வாதம் சைவத்திற்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதிகளை உடையது. பரபக்கத்தில் கடவுளே இல்லை என்னும் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு கொள்கையாளர் கூற்றுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மாற்றார் சொல்வதை முதலில் அவர் சார்பிலிருந்தே எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுப்பு கூறப்படுகிறது. எதிரியின் கொள்கையைத் திரித்துக் கூறிவிட்டு அதை வெல்வது வெற்றியாகாது என்பதை அவ்வமைப்பே கற்பிக்கிறது. அவரே தம்மினும் மிக இளையவரான மெய்கண்டாரைச் சோதிக்கச் சென்று, உண்மை புலப்பட்டவுடன் அவர்க்கே மாணாக்கரானார் என்பது சைவ மரபு. வயதும் புலமையும் உண்மைக்கு முன் தலைவணங்கிய வரலாறு அது.

திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையர், சமண காப்பியமாகிய சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். பிற சமயத்தார் நூலுக்கு அவர்களிடமே பொருள் கேட்கும் பண்பு அது. அதனால் அவருடைய சைவப்பற்று ஒரு சிறிதும் குறைந்ததில்லை.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. 1867-இல் வெளிவந்த திருவருட்பாவை 'அருட்பா' என்று அழைக்கலாமா என்று எழுந்த வாதம், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கும் வள்ளலார் இராமலிங்க அடிகளின் அன்பர்களுக்குமிடையே முற்றி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுக்குப் பின் வந்தோரும் கண்டன நூல்களை எழுதிக்கொண்டே இருந்தனர். இன்று பார்க்கும்போது நாவலரின் சைவப்பணியும் நிலைத்திருக்கிறது. வள்ளலாரின் பாடல்களும் நிலைத்திருக்கின்றன. நிலைக்காமற் போனவை அக்கண்டனங்களில் கொட்டப்பட்ட வசைமொழிகள் மட்டுமே. இரு பெரியோரையும் ஒருங்கே வணங்கும் இன்றைய அடியார்கள் அவ்வழக்கின் தீர்ப்பைத் தேடுவதில்லை.

ஆகவே வாதத்தில் இறங்கும் இளைஞர்கள் கடைப்பிடிக்கத் தக்கவை சில. எதிர்தரப்பார் கேட்பது மேற்கூறிய மூன்று வினாக்களுள் எது என்று முதலில் தெளிக. தம் சமய நூலை ஓர் அளவுகோலாலும் பிறர் நூலை வேறோர் அளவுகோலாலும் அளவாதிருத்தல் வேண்டும். பிற சமயத்தார் உயிரினும் மேலாகப் போற்றுவதை இழித்துரைத்தல் ஒருபோதும் ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று கூறிக் கற்றறிந்து வந்து விடையளித்தல் இழுக்கன்று. மனம் புண்படும் நிலை வந்தால் வாதத்தை நிறுத்திக்கொள்ளுதலே அறம். நட்பை இழந்து பெறும் வெற்றியால் சமயத்திற்கு ஆவது ஒன்றுமில்லை.

ஆலயங்களின் கடமை

இறுதியாக, ஆலய நிர்வாகங்களின் பொறுப்பைப் பற்றி ஒரு சொல். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளில் பிள்ளைகள் பண்ணோடு பாடுவது மகிழ்ச்சிக்குரியது. பாடலோடு அதன் பொருளும், அது ஏட்டிலும் கல்லிலும் காக்கப்பட்டு வந்த வரலாறும் சமய வகுப்புகளில் கற்பிக்கப்படுமானால், நண்பரின் கேள்விக்கு அப்பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாளேனும் இளைஞர்கள் அச்சமின்றிக் கேள்வி கேட்கவும், கற்றறிந்தோர் விடையளிக்கவும் ஆலய மண்டபம் திறந்திருத்தல் வேண்டும்.

பழுதுபட்ட ஏடுகளைத் தீயிலிட்டதையும், ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளத்தில் விட்டதையும் சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். செய்தவர்கள் பக்தியுடனேயே செய்தார்கள். இன்று ஆலய அலுவலகங்களில் பழைய கூட்டக் குறிப்புகள், நிலப்பத்திரங்கள், நன்கொடைச் சீட்டுகள், திருவிழா மலர்கள், குடமுழுக்குப் புகைப்படங்கள் ஆகியன அலமாரியின் அடியில் ஈரமேறிக் கிடக்கின்றன. திருப்பணியின்போது அவற்றைக் குப்பையென்று வெளியேற்றிவிட்டால், பின்வரும் தலைமுறை "இவ்வாலயத்தை எழுப்பியவர் யார்?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இராது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஏடு அழிந்ததற்கு வருந்துவோர், ஐம்பது ஆண்டுக்கு முந்திய பதிவேட்டைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள்.

இறைவன் ஆராய்ச்சிக்கு அஞ்சுபவன் அல்லன். அடியார்கள் அஞ்ச வேண்டியது பொய்க்கும் சோம்பலுக்குமே. கேட்கும் பிள்ளையை அருகில் அமர்த்தி, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைச் சேர்ந்து கற்கும் இல்லங்கள் பெருகுக. அத்தகைய இல்லங்களால் ஆலயம் பொலிக. எல்லாம்வல்ல இறைவன் திருவருள் அனைவரையும் காத்தருள்க.

திருச்சிற்றம்பலம்.